கூட இருக்க ஓர் ஆள்

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். அன்றிலிருந்து ஏர்வாடி என்றாலே மூடநம்பிக்கை என்று பேசிப் பழகிவிட்டோம். குணமாகும் என்று நம்பி அங்குள்ள தர்காவுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சங்கிலி பூட்டியவை தர்காவைச் சுற்றி முளைத்த காப்பகங்கள். பிள்ளையையோ தம்பியையோ அங்கே சேர்த்துப் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களை நம்பித்தான் அவை நடந்தன. கூட இருக்க ஆள் இல்லாமல் போனதையும் சேர்த்தே அந்தச் சாவுகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் தமிழ்நாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ரகுராம் முதலான ஆய்வாளர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆக இறங்கியது. கோயிலில் மருந்தும் இல்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. காலையில் பூஜை, பிறகு இடத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. உடன் வந்த உறவினர் பக்கத்திலேயே இருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான், கோயில் நோயைத் தீர்க்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மிரட்டாத இடமும் பக்கத்தில் ஓர் உறவும் வாய்த்தால் நோயாளி தேறக்கூடும் என்று அது உணர்த்துகிறது. கோயிலும் தர்காவும் குடும்பத்துக்குத் தருவது ஒரு காரணம்: வேலையை விட்டு, ஊராரின் வாய்க்கு அஞ்சாமல், மண்டலக் கணக்கில் நோயாளியோடு தங்கிவிட ஒரு மரியாதையான காரணம். ‘பைத்தியத்தைப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லக் கூசுகிற வீடு, ‘நேர்ச்சைக்குப் போகிறோம்’ என்று தலைநிமிர்ந்து சொல்லும்.

உறவினர் கூட இருப்பதன் பலனை நவீன மருத்துவமும் கண்டிருக்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்துக்குள்ளேயே கூடாரத்தில் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையமும் உறவினரை நோயாளியோடு சேர்த்தே தங்கவைத்தது.

நம்பிக்கைக்கு இடம் கொடுத்தால் சிகிச்சை தள்ளிப்போகும் என்று மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. மனச்சிதைவில் சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்கும். ஊர் திரும்பலாம் என்று கனவில் உத்தரவு கிடைக்கும்வரை ஏர்வாடியிலேயே காத்திருக்கும் குடும்பங்களின் நோயாளிகளுக்கு அந்தத் தாமதம் கொடுமை. ஆனால் அவர்களைத் திட்டி விரட்டினால் அதைவிட மறைவான இடத்துக்குத்தான் போவார்கள். இதற்கு விடை மருந்தைத் தர்காவுக்கே கொண்டுபோவது. குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கிய ‘தவா-துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) முறை அதைத்தான் செய்தது. பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. துவா ஓதுபவரே நோயாளியை டாக்டரிடம் அனுப்புகிறார். மாத்திரையும் பிரார்த்தனையும் அடுத்தடுத்து நடக்கின்றன. யாரும் தன் இறைவனை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி கூர்மையானது: குடும்பமே நோயின் களமாக இருந்தால்? இடைவிடாத குத்தலும் ஏச்சும் உள்ள வீட்டுக்குத் திரும்பும் மனச்சிதைவு நோயாளிக்கு நோய் மீண்டும் எளிதில் தலைகாட்டுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. அடியும் பூட்டிய அறையும் நம் வீடுகளிலும் உண்டு. குடும்பம் என்ற சொல்லை வைத்து அவற்றை மூடக் கூடாது. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடுக்கிறது, வீட்டுக்காரர்களும் அதை அறிந்திருக்க வேண்டும். அதோடு, ‘கூட இருப்பது’ என்றால் நடைமுறையில் ஒரு தாயோ மனைவியோ அக்காளோ தன் பிழைப்பை விட்டுவிட்டு இருப்பதுதான். தினக்கூலிக்குப் போகும் பெண் ஆறு வாரம் கோயில் மண்டபத்தில் தங்கினால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. அவளைப் பாசத்தின் பெயரால் புகழ்ந்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் நோயாளிக்கு மாத்திரை தருகிறது. துணைக்கு வந்தவருக்கும் இழந்த கூலியையும் பஸ் செலவையும் ஈடுகட்டும் ஒரு தொகை, வீட்டருகே மாதம் ஒருமுறையாவது டாக்டர், துணை இருப்பவர் களைத்துப்போகும்போது சில நாள் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நம்பகமான இடம் ஆகியவை வேண்டும். இவை இல்லாத ஊரில்தான் பணம் கட்டி விட்டுவிட்டுப் போகும் காப்பகம் மறுபடியும் முளைக்கும்.