மணநாளன்றும் நூலகம் சென்றவர்



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மத்ரஸா மாணவர்களை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். உற்சாகமாக எண்ணிக்கொண்டு வந்த பிள்ளைகள் நாற்பதைத் தாண்டியதும் தலைசுற்றி அடங்கிவிட்டனர். என்னருகில் அமர்ந்திருந்த மலைவாழ் சிறுவன் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் மடியில் ஒரு நூலை விரித்து வைத்திருந்தான். பழைய நூல்தான். முதற்பக்கத்தில் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் ஊதா நிற முத்திரை தெரிந்தது.

மலையுச்சியில் வாழும் ஒரு சிறுவனின் மடிக்கு அரசு நூல் ஒன்று எவ்வாறு வந்து சேர்ந்தது? 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. மாவட்டந்தோறும் ஆணைக்குழு அமைத்து, வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டி, ஊர்தோறும் நூலகம் நடத்த வழிவகுத்தது அச்சட்டமே. அதற்காகப் பல்லாண்டு போராடியவர் சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன். சுருக்கமாக எஸ்.ஆர். அரங்கநாதன்.

1892இல் சீர்காழியில் பிறந்த அவர் ஆறு வயதில் தந்தையை இழந்தார். பேச்சில் திக்கல் இருந்தது. அதையும் மீறிக் கணிதம் கற்று, மங்களூரிலும் கோவையிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியரானார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அப்பதவியின் மீது அவருக்குக் காதல் ஏதும் இருந்ததில்லை. நூலகத்தின் தனிமை தாளாமல், சில நாட்களிலேயே தம்மைப் பழைய வகுப்பறைக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினார். முதலில் இலண்டன் சென்று பயின்று வாருங்கள், பிறகும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று சமாதானம் செய்து அனுப்பிவைத்தனர்.

இலண்டனில் அவரை மாற்றியது ஒரு விளையாட்டுப் பொருள். கடையொன்றில், துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்து விதவிதமான பொம்மைகள் செய்யும் ‘மெக்கானோ’ பெட்டியைக் கண்டார். ஒவ்வொரு நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. திருகாணியின் இடத்தில் முக்காற்புள்ளியை வைத்தார். அதுவே 1933இல் ‘கோலன் பகுப்பு முறை’ என்ற நூலாக வெளிவந்து உலக நூலகர்களின் கவனத்தை ஈர்த்தது.

அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாயின. அவற்றுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்காகவே உள்ளன என்பது. இதற்கும் ஒரு விதி வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். நம் இல்லங்களில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக்கிடக்கும் கிதாபுகளை எண்ணிப்பாருங்கள்! அந்நாளில் பல நூலகங்களின் நிலையும் அதுவே. அவரோ வாசகர் தாமே அடுக்குகளினூடே நடந்து நூலைத் தொட்டெடுக்கும் முறையைச் சென்னையில் நடைமுறைப்படுத்தினார். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் புறப்பட்டது. 1933இல் கல்கத்தாவில் இந்திய நூலகச் சங்கம் தோன்றியபோது அவருடைய சகாக்களில் ஒருவராக இருந்து செயலாளர் பொறுப்பேற்றவர், இம்பீரியல் நூலகத்தின் நூலகர் கான் பஹதூர் கே.எம். அஸதுல்லாஹ். அவருடைய பெயரை நம்மவர்களே மறந்துவிட்டது வேறு கதை.

ஏறத்தாழ இருபதாண்டுகள் விடுப்பே எடுக்காமல், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் உழைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். முதல் மனைவி ருக்மிணி 1928இல் விபத்தொன்றில் மறைந்தார். மறு ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். மணச்சடங்கு முடிந்த அன்று பிற்பகலே நூலகத்திற்குப் பணிக்குத் திரும்பிவிட்டாராம்!

இந்நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாக என் மாணவர்களுக்குக் கடமையுணர்வின் சான்றாகக் கூறிவந்திருக்கிறேன். கொல்லிமலையிலிருந்து திரும்பிய இரவு, அதே பெருமிதத்துடன் வீட்டிலும் கூறினேன். தட்டில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் துணைவி கையை நிறுத்தி, “அது சரிங்க, அன்றைக்கு அந்தப் பெண் என்ன செய்தாள்?” என்று கேட்டாள்.

எனக்கு விடை வரவில்லை. நானும் இஷாவுக்குப் பிறகே வீடு திரும்புகிறவன்.

எனவே அம்மாமனிதரின் வாழ்வை மீண்டும் புரட்டினேன், இம்முறை வீட்டின் பக்கமிருந்து. 1932இல் மகன் யோகேஸ்வர் பிறந்தார். காசி, தில்லி, சூரிச், பெங்களூர் என அவருடைய பணி நகர்ந்த காலமெல்லாம் சாரதா அம்மையாரே அவருடைய இல்லத்துணை. கணவருக்குப் பத்மஸ்ரீயும் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் சிறப்பும் வந்தன. காசியில் அவர் ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார் என்பர். அத்தனை நூல்களுக்கான நேரமும் யாரோ ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டதுதானே! பொதுவாழ்வின் பெரியோரைப் புகழும்போது இக்கணக்கை நாம் பார்ப்பதே இல்லை.

அவர் பார்த்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். 1956இல் தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை நிறுவச் செய்தார். அன்று அது எத்துணைப் பெருந்தொகை! தம்முடைய பெயரை மட்டும் அதற்கு வைக்காமல், ‘சாரதா அரங்கநாதன்’ என்று மனைவியின் பெயரை முன்னிறுத்தினார். பின்னாளில் பெங்களூரில் அமைந்த அறக்கட்டளைக்கும் அதே பெயர்தான். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் அவர் மறைந்தார். மகன் யோகேஸ்வர் எழுதிய தந்தையின் வரலாறு 2001இல் வெளிவந்தது. சிறுவயதில் பெங்களூரில் தாத்தாவின் வீட்டில் வளர்ந்த பேரர் ரங்கா யோகேஸ்வர், ஜெர்மனியில் அறிவியலைத் தொலைக்காட்சி வழியே மக்களுக்கு எடுத்துரைத்துப் புகழ்பெற்றார்.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு, மறுவாரம் மஃரிபு முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து துணைவியிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டாள். ஒரு இலட்ச ரூபாயையும் பேராசிரியர் பதவியையும் கேட்டு முகம் மலர்ந்தாள். பிறகு விரல்விட்டு எண்ணிப்பார்த்து, “கல்யாணமாகி இருபத்தாறு, இருபத்தேழு வருஷம் கழித்தா?” என்றாள்.