பூ ஊரிலிருந்து பனிமலைக்கு!
சறுக்கி விளையாட எந்த மலைக்குப் போகலாம்?

விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் ஊர் கீரமங்கலம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடி தாலுகாவில் இருக்கிறது இந்த ஊர். சுற்றியுள்ள கிராமங்களில் பறித்த மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும். தராசில் ஏறும். விலை பேசப்படும். உடனே வெளியூருக்குப் புறப்பட்டுவிடும்.

இந்த ஊரில் பனி என்றால், அது மார்கழிப் பனிதான். பூவின் மேல் முத்துப்போல நிற்கும். வெயில் வந்தால் போய்விடும்.

இந்தியாவின் வடகோடியில் இன்னொரு பூ ஊர் இருக்கிறது. காஷ்மீரில் உள்ள அந்த ஊரின் பெயர் குல்மார்க். "குல்" என்றால் பூ. "மார்க்" என்றால் புல்வெளி. கோடையில் அங்கே கண்ட இடமெல்லாம் பூ. குளிர்காலத்திலோ, கண்ட இடமெல்லாம் பனி! வீட்டுக் கூரை தெரியாது, வேலி தெரியாது, பாதை தெரியாது. எல்லாம் வெள்ளை.

அந்தப் பனியில் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, காற்றாகப் பறக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பனிச்சறுக்கு.

கீரமங்கலத்து இளைஞர் ஒருவருக்கு இந்த ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பூ விற்ற பணமோ, வெளிநாட்டில் வேர்வை சிந்திச் சேர்த்த பணமோ, எதுவாகவும் இருக்கட்டும். பெட்டியைக் கட்டும்போது தாயார் வந்து நிற்கிறார்.

"எந்த மலைக்குப்பா போகப்போறே? கை காலோட திரும்பி வருவியா?"

தாயார் கேட்டது இரண்டு கேள்விபோலத் தோன்றும். உண்மையில் அது ஒரே கேள்விதான். எந்த மலைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான், எப்படித் திரும்பி வருவோம் என்பதும் இருக்கிறது!

எனவே, புறப்படுவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து யோசிப்போம்.

முதலில் நிற்கப் பழகவேண்டும்

பனிச்சறுக்குக்கு வேண்டிய சாமான்கள் அதிகம் இல்லை. இரண்டு நீண்ட பலகைகள், கனமான பூட்ஸ், கையில் ஊன்றிக்கொள்ள இரண்டு கோல்கள். பூட்ஸைப் பலகையில் பூட்டிவிடுவார்கள். வேகமாக விழுந்தால் பூட்டு தானாகக் கழன்றுகொள்ளும். கால் முறியாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு.

சைக்கிள் பழகியவர்களுக்குத் தெரியும். ஓட்டுவது பெரிதல்ல, நிறுத்துவதுதான் பெரிது. இதுவும் அப்படித்தான். பலகைகளின் முன் நுனிகளை நெருக்கமாக வைத்து, பின்பக்கத்தை அகலமாக விரிக்கவேண்டும். அப்போது வேகம் குறையும். முதல் நாள் வாத்தியார் சொல்லித் தரும் பாடம் இதுதான்.

பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும். அதுதான் ஆபத்து. பின்னால் சாய்ந்தால் பலகை நம் பேச்சைக் கேட்காது. முழங்காலை மடக்கி, சற்று முன்னால் குனிந்து நிற்கவேண்டும்.

இதைப் பழக உயரமான மலை தேவையே இல்லை. மெல்லிய சரிவு ஒன்று போதும்.

ஊட்டியில் முடியாதா?

"இதற்காக காஷ்மீர் வரை போகவேண்டுமா? ஊட்டியில் முடியாதா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஊட்டியில் உள்ள தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் சுமார் 8,650 அடி. குல்மார்க் ஊரின் உயரம் சுமார் 8,700 அடி. ஏறக்குறைய ஒரே உயரம்! அப்படியிருந்தும் ஊட்டியில் புல்லின் மேல் உறைபனிதான் படிகிறது. குல்மார்க்கில் ஆள் உயரத்துக்குப் பனி குவிகிறது. ஏன்?

காரணம் இரண்டு. குல்மார்க் வடக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியனின் கதிர் அங்கே சாய்ந்து விழுவதால் சூடு குறைவு. அதோடு, குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரக் காற்று வந்து இமயமலையில் மோதுகிறது. நமக்கு ஐப்பசியில் மழை கொண்டுவரும் காற்றைப்போல, அவர்களுக்கு அது பனியைக் கொண்டுவருகிறது.

ஆகவே, சறுக்க வேண்டுமானால் வடக்கே போகத்தான் வேண்டும். எங்கே போகலாம்? நான்கு இடங்களைப் பார்ப்போம்.

பாலைவனத்தில் பனி!

முதல் இடம் மலையே அல்ல. அது துபாயில் இருக்கிறது!

நம் பக்கத்து ஆட்கள் வளைகுடா நாடுகளில் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். 2005-ம் ஆண்டில், ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள்ளேயே பனிச்சறுக்குக் கூடம் ஒன்றைக் கட்டினார்கள். வெளியே பாலைவன வெயில். உள்ளே உறையும் குளிர். மிக நீளமான சரிவு 400 மீட்டர், அதாவது சுமார் 1,300 அடி.

இங்கே பனிப்புயல் இல்லை, மலை சரியாது. அங்கே வேலையில் இருப்பவர்கள், தங்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவருமா என்று ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அது கூரைக்குள் இருக்கும் பனி. மலைக்காற்று கிடைக்காது!

மணாலி – சோலாங்

இரண்டாவது இடம் இமாசலப் பிரதேசத்தில் உள்ள மணாலி. அங்கிருந்து சிறிது தூரத்தில் சோலாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. டெல்லியிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் காலையில் மணாலி. குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சுலபமான வழி.

மணாலியில் அரசாங்கத்தின் மலையேற்றப் பயிற்சிப் பள்ளி ஒன்று 1961-ம் ஆண்டு முதல் நடக்கிறது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கும் கற்றுத்தருகிறார்கள்.

ஒரு குறை, கூட்டம்தான். பனியைப் பார்க்க வருகிறவர்கள், குதிரை, வண்டி, கடை என்று திருவிழாபோல இருக்கும். பனியைத் தொட்டுப் பார்க்கவும் குழந்தைகள் உருண்டு விளையாடவும் நல்ல இடம். ஆழமாகப் பழக நினைப்பவர்கள் பள்ளியில் சேருவதே நல்லது.

ஆலி

மூன்றாவது இடம் ஆலி. உத்தரகாண்ட் மாநிலத்தில், பத்ரிநாத் போகும் வழியில் உள்ள ஜோஷிமடத்துக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி சிகரம் கண்ணெதிரே நிற்கும். எல்லைக் காவல் படையினர் சறுக்கப் பழகிய இடம் இது. 2011-ம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் இங்கேதான் நடந்தன.

சரிவுகள் அகலமானவை; கூட்டம் குறைவு. கற்றுக்கொள்ள ஏற்ற இடம்.

ஆனால் இரண்டு விஷயங்களை மறைக்கக்கூடாது. பனி போதாமல் போட்டிகள் கைவிடப்பட்ட ஆண்டுகள் ஆலிக்கு உண்டு. மற்றொன்று, 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் நிலம் உள்வாங்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது. ஜோஷிமடத்திலிருந்து ஆலிக்குப் போகும் ரோப்காரையும் அப்போது நிறுத்தினார்கள். எனவே, புறப்படுவதற்கு முன் பனி நிலவரத்தையும் பாதை நிலவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குல்மார்க்

நான்காவது, நாம் முதலில் பார்த்த பூ ஊர்.

வெள்ளைக்காரர்கள் 1927-ம் ஆண்டிலேயே இங்கே பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். இன்று மத்திய அரசின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பலகை, பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

பழனியில் ரோப்காரில் ஏறியவர்கள் குல்மார்க் ரோப்காரைப் பார்த்தால் மூக்கில் விரல் வைப்பார்கள். இரண்டு கட்டமாக அது மேலே போகிறது. முதல் கட்டம் 1998-லும், இரண்டாம் கட்டம் 2005-லும் ஓடத் தொடங்கின. முதல் கட்டம் கொங்டூரி வரை. இரண்டாம் கட்டம் அப்பர்வத் மலையின் தோளுக்கே கொண்டுபோய் விடும். அந்த இடத்தின் உயரம் சுமார் 13,000 அடி!

இந்த மண்ணில் பிறந்த வீரர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பெயர் ஆரிப் கான். குல்மார்க்குக்குக் கீழே உள்ள தங்மார்க்கைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். நாலு வயதிலேயே மகனைப் பனியில் இறக்கிவிட்டார். 2022-ல் பீஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர் இவர்தான்! ஒரு பந்தயத்தில் 45-வது இடத்தைப் பெற்றார்.

நாலு வயதில் தொடங்கியவர் ஒலிம்பிக் பந்தயத்தில் நிற்க எத்தனை ஆண்டு ஆயிற்று! நாம் நாலு நாளில் அப்பர்வத் உச்சியிலிருந்து பாய நினைக்கலாமா?

வெள்ளை எமன்

மலைச்சரிவில் குவிந்த பனி, சில சமயம் திடீரென்று பிய்த்துக்கொண்டு இறங்கும். இதைத்தான் பனிச்சரிவு என்கிறார்கள். இது இறங்கும் வேகத்தில் யாரும் ஓடித் தப்ப முடியாது. புதிதாகப் பனி விழுந்து, பலத்த காற்றும் அடித்த மறுநாள் மிகவும் ஆபத்தான நாள்.

2010 பிப்ரவரி 8-ந் தேதி, குல்மார்க் அருகே பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் மீது பனிச்சரிவு விழுந்தது. 17 வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் மலையை அறிந்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள். அவர்களையே மலை விழுங்கிவிட்டது.

2024 பிப்ரவரி 22-ந் தேதி, அப்பர்வத் மலையில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் பனிச்சரிவில் சிக்கினார்கள். ரஷிய நாட்டுக்காரர் ஒருவர் இறந்தார்.

பனியில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நேரம் ஆக ஆக நம்பிக்கை போய்விடும். அதனால்தான் உயரச் சரிவுக்குப் போகிறவர்கள், தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு ரேடியோ கருவியையும், குத்திப் பார்க்கும் நீளக் கம்பியையும், மண்வாரியையும் கட்டாயம் கொண்டுபோகிறார்கள். கூடவே உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும். காவலர்கள் கயிறு கட்டி, "இதற்கு மேல் போகாதே" என்று தடுத்த இடத்துக்கு அப்பால் ஒரு அடி கூட வைக்கக்கூடாது.

எப்போது போகலாம்? எப்படிப் போகலாம்?

டிசம்பர் 21-ந் தேதி முதல் நாற்பது நாள், காஷ்மீரில் கடுங்குளிர்க் காலம். பனி நன்றாகக் கட்டிய பிறகு, பிப்ரவரியில் போவது நல்லது. ஆனால் வானத்தை நம்பி முன்கூட்டியே முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியில்லாமல் காய்ந்து கிடந்தது. 2025-ல் அங்கே நடக்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டி, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. மழையை நம்பிப் பூச்செடி வைப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை!

கீரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டை. அங்கிருந்து ரெயிலில் சென்னை, பிறகு டெல்லி, பிறகு காத்ரா. காத்ராவிலிருந்து ஸ்ரீநகர் போகும் ரெயில் 2025 ஜூன் 6-ந் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் உள்ள பாலத்தில் அந்த ரெயில் போகிறது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர்.

இன்னொன்றும் உண்டு. 2025 ஏப்ரல் 22-ந் தேதி காஷ்மீரில் உள்ள பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு பல சுற்றுலா இடங்கள் சில காலம் மூடப்பட்டன. எனவே, டிக்கெட் வாங்கும் முன் பாதுகாப்பு நிலவரத்தையும் விசாரிக்க வேண்டும்.

பெட்டியில் என்ன வைப்பது?

பருத்தி பனியன் நம் ஊருக்கு நல்லது, பனிக்கு ஆகாது. வேர்வையில் நனைந்தால் உலராது. உடம்பைச் சில்லிட வைத்துவிடும். உள்ளே கம்பளி, மேலே நீர் புகாத சட்டை. கம்பளிக் குல்லாய், கையுறை, கறுப்புக் கண்ணாடி. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும்.

உயரத்தில் மூச்சுக்காற்று குறைவு. போன அன்றே சறுக்க இறங்காமல், ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும். தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் மேலே ஏறவே கூடாது. இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புறப்படக்கூடாது. இன்சூரன்ஸ் எடுப்பவர்கள், பனிச்சறுக்கில் அடிபட்டால் பணம் கிடைக்குமா என்று படித்துப் பார்த்து எடுக்கவேண்டும்.

எது நல்ல இடம்?

இப்போது முடிவுக்கு வருவோம்.

பனியைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு மணாலி. அமைதியாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, பனி விழுந்த ஆண்டில் ஆலி. முறையாகப் பழகி, பிறகு உயரப் போக நினைப்பவர்களுக்குக் குல்மார்க். ஆனால் முதல் ஆண்டு, ஊரை ஒட்டியுள்ள கீழ்ச்சரிவுதான். ஏழு நாள், வாத்தியாரோடு. அப்பர்வத்துக்கு ரோப்காரில் போய்ப் பார்த்துவிட்டு, ரோப்காரிலேயே இறங்கி வரவேண்டும். சறுக்கி இறங்குவது இரண்டாம் ஆண்டோ, மூன்றாம் ஆண்டோ இருக்கட்டும்.

"இதில் என்ன சாகசம் இருக்கிறது?" என்று இளைஞர் கேட்பார்.

சமவெளியில் பிறந்து, வேர்வையில் வளர்ந்த ஒருவர், உறைபனியில் நூறு தடவை விழுந்து, நூற்றோராவது தடவை விழாமல் நின்றால் அது சாகசம் இல்லையா?

அப்பர்வத் மலை எங்கும் ஓடிவிடாது. அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். அதன் மேலே போக, நாமும் இருக்க வேண்டும் அல்லவா?

கை காலோடு திரும்பி வந்து, பூக்கடைத் தெருவில் நாலு பேரைக் கூட்டிவைத்துக் கதை சொல்லவேண்டும். தாயார் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கவேண்டும். அப்படித் திரும்ப வைக்கும் மலை எதுவோ, அதுவே நல்ல மலை!