நம்பர் இருக்கு, யாரோடதுன்னு தெரிய வேணாமா?

பௌர்ணமிதோறும் எங்கள் அடி அண்ணாமலை வழியாகத்தான் கிரிவலக் கூட்டம் போகும். 14 கிலோமீட்டர் நடையில் யாராவது மயங்கி விழுந்தால், பக்கத்தில் வருபவர் அவருடைய பட்டன் போனைத்தான் எடுத்துப் பார்ப்பார். அதில் நாலு 'குமார்' இருந்தால் யாரைக் கூப்பிடுவது? 'மகன் குமார்', 'வீடு' என்று உறவோடு பதிந்து வையுங்கள், சகோதரிகளே.

போனில் மட்டும் பதிந்த நம்பர், போன் கெட்டால் போச்சு! சிம் கார்டில் பதிந்தால், சிம்மை வேறு போனில் போட்டாலும் கிடைக்கும். பல சிம்களில் 250 நம்பர் வரை கொள்ளும். சிம்மே தொலைஞ்சுட்டா? முக்கியமான நம்பர்களை ஒரு நோட்டிலும் எழுதி அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வையுங்கள். யாராவது நம்பர் மாற்றினால் அன்றைக்கே திருத்திவிடுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 108, எந்த ஆபத்துக்கும் 112. இவை இரண்டும் மனப்பாடமாகவே இருக்கட்டும்.