சோழவரம்: ரன்வே ஓரம் நின்ற கூட்டம்!

'ரேஸ்'னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் ஃப்ரெண்ட்ஸ்? டி.வி-யில் ஓடும் ஃபார்முலா 1, அஜித்தோட ஹெல்மெட், இல்லேன்னா மொபைல்ல விளையாடுற கேம். இதே கேள்வியை உங்க பெரியப்பா, மாமா, தாத்தா யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. மெட்ராஸ்ல காலேஜ் படிச்சவரா இருந்தா, பட்டுனு ஒரே பதில்தான் வரும்... 'சோழவரம்!'

அதுக்கப்புறம் அவரை நிறுத்துறது கஷ்டம். 'நாங்க எவ்வளவு பக்கத்துல நின்னு பார்த்தோம் தெரியுமா?'ங்கிற ரேஞ்சுல கதை நீளும். அந்த 'பக்கத்துல'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. நம்ம ஊர் ரேஸ் சரித்திரமே அதுக்குள்ளதான் இருக்கு. ரேஸ் பார்க்கிறவன் எங்கே நின்னான், அப்புறம் எங்கே தள்ளி வைக்கப்பட்டான், கடைசியில ஏன் வர்றதையே குறைச்சுக்கிட்டான்?

யுத்தம் போட்ட ரோடு!

சோழவரம் ட்ராக்கை யாரும் ரேஸுக்காகக் கட்டலை. இரண்டாம் உலகப் போர் நேரம். ஜப்பான் படைகள் பர்மா வரைக்கும் வந்துவிட, மெட்ராஸே பதற்றத்தில் இருந்தது. அப்போது செங்குன்றம் ஏரியில் தண்ணீரிலேயே இறங்கும் 'கேட்டலினா' ரக விமானங்கள் நின்றன. அதற்குச் சற்று வடக்கே, கல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டிய சோழவரத்தில், போர்க்கால ஓடுபாதை ஒன்று போடப்பட்டது.

1945-ல் யுத்தம் முடிந்தது. விமானங்கள் கிளம்பிப் போயாச்சு. ரன்வே மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. ரேஸ் விட ஆசை இருக்கு, வண்டி இருக்கு, ட்ராக் இல்லை. அப்போ கண்ணில் பட்டதுதான் இந்த ரன்வே! 1950-களில் சூடுபிடித்த சோழவரம் ரேஸ், 80-களின் கடைசி வரைக்கும் மெட்ராஸின் வருடாந்திரத் திருவிழா மாதிரி நடந்தது.

ரன்வேயில் ரேஸ் விடுவதில் ஒரு விசேஷம் உண்டு. நேர்கோடாக நீண்டு கிடப்பதால் வண்டியை அதன் உச்ச வேகம் வரைக்கும் விரட்டலாம். ஆனால், கோட்டின் முடிவில் சடாரென்று திரும்பியாகணும். யார் கடைசி நொடி வரைக்கும் பிரேக்கைத் தொடாம வர்றான்கிறதுதான் த்ரில். விஷயம் தெரிந்த ஆட்கள் நேர்ப்பாதையை விட்டுட்டு, வளைவுப் பக்கமாப் போய் இடம் பிடிப்பாங்க.

தரை முழுக்கத் தட்டை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. முன்வரிசையில் இருப்பவனுக்குத்தான் ரேஸ் தெரியும். பின்னாடி நிற்பவனுக்குத் தெரிவது முன்னாடி நிற்பவனோட முதுகு, அதுக்கு மேலே கொஞ்சம் புகை, அப்புறம் காதைக் கிழிக்கும் சத்தம். அதனால் உயரமாக எது கிடைத்தாலும் அதுதான் கேலரி!

'நம்ம வண்டிடா!'

எதுக்கு அவ்வளவு கூட்டம்? வேற பொழுதுபோக்கு கம்மிங்கிறது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. ட்ராக்கில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் ரோட்டில் ஓடிய வண்டிகள்!

வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அம்பாசடர், ஃபியட், மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு... மொத்தக் கடையே அவ்வளவுதான். பைக்குன்னா புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத். இதில் ஏதாவது ஒன்றைப் பிரிச்சு மேய்ஞ்சு, எடையைக் குறைச்சு, இன்ஜினைக் குடைஞ்சு, கார்பரேட்டரை மாத்தி ட்ராக்கில் இறக்குவாங்க. சிலர் ஒரு படி மேலே போய், கிடைத்த இன்ஜினை வைத்துத் தாங்களே 'ஸ்பெஷல்' கார்களைக் கட்டினார்கள்.

அப்படின்னா வேடிக்கை பார்க்கிறவன் மனசுல என்ன ஓடியிருக்கும்? அவன் வீட்டு வாசல்ல நிக்கிற அதே யெஸ்டி அங்கே பறக்குது. 'நம்ம வண்டியும் இப்படிப் போகுமாடா?' என்று தோன்றாமல் இருக்குமா? திங்கட்கிழமை காலையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் மெக்கானிக்குகளை மொய்க்க இந்த ஒரு கேள்வி போதாதா!

80-களில் கலர் மாறியது. பெங்களூரு சிபானி நிறுவனத்தின் ஃபைபர் உடம்புக் கார் 'டால்ஃபின்' வந்தது. பார்க்க பொம்மை மாதிரி, எடை ரொம்பக் கம்மி. ரேஸர்களுக்குக் கேட்கணுமா? அடுத்து மாருதி 800. பைக் பக்கம் ஆர்.டி.350, இண்ட்-சுசுகி, ஆர்.எக்ஸ்.100 என்று ஜப்பான் டெக்னாலஜி இறங்கியது. 1982-ல் டி.வி.எஸ். தனி ரேஸிங் டீமே ஆரம்பித்தது. விஜய் மல்லையா, 'என்சைன்' என்ற நிஜமான ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். கோவை கரிவரதனோ மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். பின்னாளில் எத்தனையோ இளம் ரேஸர்களுக்கு அந்த ஃபார்முலா மாருதிதான் ஆரம்பப் பள்ளிக்கூடம்.

பக்கத்தில் நிற்பதன் விலை

இதுவரைக்கும் படிச்சுட்டு, 'சே, நாம அப்போ பொறக்கலையே'ன்னு ஃபீல் பண்றீங்களா? ஒரு நிமிஷம்! இந்த 'பக்கத்துல நின்னு பார்த்தோம்' கதைக்கு இன்னொரு முகமும் இருக்கு.

ஓடுபாதை ரேஸ்களுக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி ஏற்பாடுதான். வளைவுக்கு அடையாளமாக டிரம், மோதினால் தாங்க வைக்கோல் கட்டு, ஜனங்களைத் தடுக்க ஒரு கயிறு. 150 கி.மீ. வேகத்தில் தறிகெட்டு வரும் காரைக் கயிறு நிறுத்துமா?

1955-ல் பிரான்ஸின் லே மான் ரேஸில் ஒரு மெர்சிடிஸ் கார் தடுப்பில் மோதிச் சிதறி, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. பார்வையாளர்கள் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் ட்ராக் ரேஸையே தடை செய்தது. 1961-ல் இத்தாலியின் மோன்ஸாவில் வோல்ஃப்காங் வான் ட்ரிப்ஸின் ஃபெராரி வேலியில் மோதியதில், அவருடன் பார்வையாளர்கள் பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். 1967-ல் மொனாக்கோவில் லொரென்சோ பண்டினியின் கார் தீப்பற்றியபோது, பாதுகாப்புக்கு வைத்த வைக்கோல் கட்டுகளே தீயை வளர்த்துவிட்டன. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். பிறகு ஃபார்முலா 1-ல் வைக்கோலுக்கு 'குட்பை'.

அதற்குப் பதிலாக வந்தவைதான் இன்றைக்கு நாம் பார்க்கும் சமாச்சாரங்கள். பாதையை விட்டு விலகும் காரின் வேகத்தை உறிஞ்ச ஜல்லிப் படுகை, அதற்குப் பின்னால் டயர் சுவர், அதற்கும் பின்னால் இரும்புத் தடுப்பு, பறந்து வரும் பாகங்களைப் பிடிக்க உயரமான கம்பி வேலி. இவை எல்லாவற்றுக்கும் பின்னால்... நாம! ஒவ்வொரு உயிருக்கும் ஒவ்வொரு அடி பின்னாடி போயிருக்கோம். அந்தத் தூரத்தைக் குறை சொல்ல முடியாது பாஸ்!

சில்வர்ஸ்டோன் என்ற அண்ணன்!

இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் ட்ராக்கும் சோழவரம் கதைதான். அதுவும் இரண்டாம் உலகப் போர் விமானத் தளம். யுத்தம் முடிந்து சும்மா கிடந்த ஓடுபாதையில், வைக்கோல் கட்டுகளை அடுக்கி 1948-ல் கிராண்ட் ப்ரீ நடத்தினார்கள். 1950 மே 13-ல் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஃபார்முலா 1 ரேஸ் நடந்ததும் அங்கேதான்.

அங்கேயும் ஜனங்களைத் தள்ளி வைத்தார்கள். ஆனால், தள்ளி வைத்ததோடு விடவில்லை. தட்டை நிலத்தில் மண்மேடு எழுப்பி, புல்லில் உட்கார்ந்து பார்க்க வழி செய்தார்கள். ஸ்டாண்டுகள் கட்டினார்கள். பாதை மாறியபோதெல்லாம் பார்வையாளர் இடமும் மாறியது. விளைவு? 2023 கிராண்ட் ப்ரீ வார இறுதியில் மட்டும் மொத்தம் 4,80,000 பேர்!

இதில் ஒரு ஸ்வீட் லிங்க். 2010-ல் அதே சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா 1 கார் ஓட்டினார் நம்ம சென்னை கருண் சந்தோக். அவர் அப்பா விக்கி சந்தோக், சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர்!

இருங்காட்டுக்கோட்டை காலம்

நம்ம கதைக்கு வருவோம். ராணுவ ஓடுபாதையை நம்பி எத்தனை வருஷம் ரேஸ் நடத்த முடியும்? கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ட்ராக் கட்டியது. 1990-ல் திறக்கப்பட்ட அதன் நீளம் 3.717 கி.மீ., வளைவுகள் 12. பின்னாளில் 'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்' என்று பெயரும் மாறியது.

ரேஸருக்கு இது சொர்க்கம். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்கலாம். அஜித்தும் இங்கே கார் ரேஸ் ஓட்டியிருக்கிறார். கோவையில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. 2005-ல் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ரேஸர்கள் விஷயத்தில் தமிழ்நாடு ஜெயித்துவிட்டது.

ஆனால், சோழவரத்துக் கூட்டம் இருங்காட்டுக்கோட்டைக்கு அப்படியே வரலை. வருஷத்துக்கு ஒரு திருவிழாவாக இருந்தது, வருஷம் முழுக்கப் பல சுற்றுகளாகப் பிரிந்தது. ஊரை விட்டு 40 கி.மீ. தூரம். அந்த 90-களிலேயே கேபிள் டி.வி. வந்து, ஷூமாக்கரை வீட்டு ஹாலுக்கே கூட்டி வந்துவிட்டது. வண்டிகளும் மாறின. ஒற்றை இருக்கை ஃபார்முலா காரைப் பார்த்து 'நம்ம வண்டிடா'ன்னு யாரு சொல்லுவா?

டெல்லி பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் பிரமாண்டமான புத் சர்க்யூட் கட்டி, 2011-ல் ஃபார்முலா 1-ஐயே கூட்டி வந்தார்கள். முதல் நாள் பயிற்சியில் தெருநாய் ஒன்று ட்ராக்கில் ஓடி உலக நியூஸ் ஆனது தனிக் கதை. வரிப் பிரச்னைகள் நெருக்க, 2013-க்குப் பிறகு ஃபார்முலா 1 திரும்பி வரலை. பெரிய ட்ராக் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டுமா?

வீட்டு வாசலுக்கே வந்த ரேஸ்

2024-ல் தலைகீழாக ஒரு முயற்சி நடந்தது. ஜனங்கள் ட்ராக்குக்கு வரலைன்னா, ட்ராக் ஜனங்ககிட்ட போகட்டும்! ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சென்னை ரோடுகளிலேயே, விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ரேஸ். முந்தைய டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிருந்தது. 'ஊர் ரோட்டில் ரேஸ் தேவையா?' என்று கோர்ட் வரைக்கும் போனார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் ஒரு விஷயம். தினமும் பஸ்ஸில் போகிற ரோட்டில் ரேஸ் கார் பறப்பதைப் பார்த்தவனுக்குக் கிடைத்த கிக், சோழவரத்தில் தன் யெஸ்டியைப் பார்த்தவனுக்குக் கிடைத்த அதே கிக்தான். இந்த முறை நடுவில் கான்கிரீட் சுவரும் கம்பி வேலியும் இருந்தன. பக்கத்திலும் நிற்கலாம், பத்திரமாகவும் நிற்கலாம்!

அடுத்த டர்ன் உங்களுடையது!

சோழவரம் திரும்பி வராது. வரவும் வேண்டாம், கயிற்றுக்குப் பின்னால் நின்ற காலம் போனது நல்லதுக்குத்தான். ஆனால், 'நம்ம வண்டி, நம்ம ரேஸ்' என்ற உரிமையை விட்டுடணுமா என்ன?

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகள் நடக்கின்றன. கேங்கோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள். கொடி காட்டி ரேஸைக் காக்கும் மார்ஷல் வேலைக்குத் தன்னார்வலர்கள் எப்போதும் தேவை. கூட்டத்தில் யாருக்கும் கிடைக்காத இடத்தில் நின்று ரேஸ் பார்க்கலாம்! மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மக்களே... கோவை கரி ட்ராக்கில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு நாடு முழுக்க உள்ள காலேஜ் டீம்கள் தாங்களே கட்டிய காரோடு வருகின்றன. சோழவரத்து 'ஸ்பெஷல்' காரின் பேரப்பிள்ளைகள்!

இன்னொண்ணு... ஈ.சி.ஆரில் நடுராத்திரி ஆக்ஸிலேட்டரை முறுக்கும் ஹீரோக்களே, அங்கே டயர் சுவரும் கிடையாது, ஆம்புலன்ஸும் ரெடியா நிக்காது. வேகம் பிடிச்சிருக்கா? ட்ராக்குக்கு வாங்க!