பச்சோந்தியின் தாகம்

நிலை மாறுவோரைப் 'பச்சோந்தி' என்று இகழ்வது நம்மவர் வழக்கு. மேடைப் பேச்சாளர்க்கு அச்சொல் இன்றி ஒருநாளும் கழியாது. ஆயின் அவ்வுயிரை உற்று நோக்கினோர் சிலரே. 'ஓந்தி' என்பதன் பழைய வடிவமாகிய 'ஓதி' குறுந்தொகையிலேயே வருகின்றது. அரபு மொழியில் பச்சோந்திக்கு 'ஹிர்பா' என்று பெயர். ஞாயிறு செல்லும் திசை நோக்கித் தானும் திரும்பும் உயிர் என அரபுக் கவிஞர் இதனைப் பாடினர். வளர்க்க விழைவோர்க்கு அதுவே முதற்பாடம். வெயிலின்றி இது வாழாது.

சில ஆண்டுகட்கு முன் மாணவர் ஒருவர், முருங்கை மரத்தில் பிடித்த பச்சோந்தியை அட்டைப்பெட்டியில் இட்டு நம்மிடம் கொணர்ந்தார். பெட்டியினுள் ஒரு கிண்ணம் நிறைய நீர் இருந்தது. மூன்று நாளாய் அதில் வாய் வைக்கவில்லை என்று வருந்தினார். அதன் கண்கள் குழிந்திருந்தன. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. பச்சோந்தி பெரும்பாலும் தேங்கிய நீரை நாடுவதில்லை. இலைமேல் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையுமே நக்கிப் பருகும். முருங்கைக் கொத்தொன்றை ஒடித்து நீர் தெளித்து நீட்டினோம். நெடுநேரம் நக்கிக்கொண்டே இருந்தது.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளியாது, தானே இரை தேடவும் விடாது மாளச்செய்த பெண்ணைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். அப்பெண் ஒன்றும் அளிக்கவில்லை. நம் மாணவரோ அன்புடன் அளித்தார். எனினும் பெட்டிக்குள் கிடந்த உயிர்க்கு இரண்டும் ஒன்றுதானே! நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பிடித்து வளர்ப்பது குற்றம். அன்று மாலையே அதனை அம்மரத்தில் கொண்டுபோய் விடச் செய்தோம்.

சட்டம் இடந்தரும் மேலை நாடுகளில் பலரும் வளர்ப்பது, யமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த கொண்டையுடைய வகையாகும். அதற்குச் சுமார் 4 அடி உயரமும் 2 அடி அகலமும் உள்ள கம்பிவலைக் கூண்டு வேண்டும். உள்ளே கிளைகளும் தழைகளும் நிறைந்திருத்தல் வேண்டும். நாளைக்கு இருமுறையேனும் இலைகளில் நீர் தெளிப்பர். சன்னலோரம் வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. எலும்பு உரம்பெறத் தேவையான புறஊதாக் கதிரைச் சன்னற் கண்ணாடி தடுத்துவிடும்; ஆதலின் தனி விளக்கு அமைப்பர். இரையாகத் தரும் சிள்வண்டுகளின் மேல் கால்சியப் பொடியும் தூவுவர். பெண் பச்சோந்தி ஆணுடன் கூடாமலும் முட்டையிடும். தோண்டுவதற்கு ஈரமண் இல்லையேல் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிர் போகவும் கூடும்.

ஒரு கூண்டில் ஒன்றே இருத்தல் வேண்டும். துணையென்று மற்றொன்றை விட்டால் பகையே விளையும். நம் கையையும் அது விரும்புவதில்லை. நிறமாற்றம் ஏமாற்று வித்தையன்று. வெப்பம், அச்சம், சினம் ஆகியவற்றை உரைக்கும் அதன் மொழி. தொட்டவுடன் உடல் கறுத்து வாய் பிளந்தால், கையை எடுத்துவிடுதல் வேண்டும்.