கிடை தேடிச் செல்லும் மருத்துவம்

நுழையும்முன்

ஆநிரை மேய்த்தலை முல்லைநில மக்களின் வாழ்வாகப் பழந்தமிழ் இலக்கியங்கள் காட்டுகின்றன. அவ்வாழ்வு இன்றும் தமிழகத்தின் வறண்ட நிலங்களில் தொடர்கிறது. மேய்ச்சலை நம்பி வாழ்வோரின் கால்நடைகளைக் காக்கும் மருத்துவரின் பணியையும், நம் மண்ணில் கண்டறியப்பட்ட ஒரு நோயின் வரலாற்றையும் இப்பகுதி விளக்குகிறது.

மந்தையே செல்வம்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. மேய்ச்சல் தொழில் செய்வோருக்கு இது முற்றிலும் பொருந்தும். பிள்ளைகளின் கல்வி, திருமணம், மருத்துவம் என எச்செலவு நேர்ந்தாலும் அவர்கள் விற்பது மந்தையிலுள்ள ஆடுகளையே.

இராமநாதபுரம், சிவகங்கை போன்ற வறண்ட மாவட்டங்களின் கீதாரிகள், கோடையில் புல் வற்றியதும் மந்தையுடன் இடம்பெயர்கின்றனர். சம்பா அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களில் பகலில் மேய்த்து, இரவில் கிடை போடுகின்றனர். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரமாகின்றன. நிலத்துக்கு உரியவர் பணமாகவோ நெல்லாகவோ கூலி தருகிறார். சிதம்பரம் பகுதி உழவர்களும் கிடையின் பயனை நன்கு அறிந்தவர்களே.

இவ்வாழ்வில் ஓர் இடரும் உண்டு. பல ஊர் மந்தைகள் ஒரே வழியில் நடக்கின்றன. ஒரே குளத்தில் நீர் அருந்துகின்றன. எனவே, ஒரு மந்தையில் தோன்றும் தொற்றுநோய் அடுத்த மந்தைக்கு எளிதில் பரவுகிறது.

அரசூரில் தெரிந்த உண்மை

1987ஆம் ஆண்டு அரசூர் என்னும் சிற்றூரில் செம்மறியாடுகள் நோயுற்று இறந்தன. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர்வடிதல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். இவை மாடுகளைத் தாக்கும் வெக்கை நோயை ஒத்திருந்தன.

மருத்துவர்கள் தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யவில்லை. ஆய்வில், இது ஆட்டுக்கொல்லி நோய் எனத் தெளிவாயிற்று. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் உறுதி செய்யப்பட்டது அப்பொழுதுதான். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.எஸ். சைலாவும் அவருடன் பணியாற்றியோரும் 1989இல் இதனை ஆய்விதழில் வெளியிட்டனர்.

தனித் தடுப்பூசி ஏன்?

வெக்கை நோய்க்கான தடுப்பூசி ஆட்டுக்கொல்லியையும் தடுத்தது. எனினும், அதனை ஆடுகளுக்குச் செலுத்தினால், குருதியில் காணப்படும் எதிர்ப்பொருள் நோயால் உண்டானதா, ஊசியால் உண்டானதா எனப் பிரித்தறிய இயலாது. அந்நிலையில், வெக்கை நோய் ஒழிந்துவிட்டது என்பதை மெய்ப்பிக்கவும் முடியாது. ஆகவே, ஆட்டுக்கொல்லிக்குத் தனித் தடுப்பூசி தேவைப்பட்டது. அரசூரில் பிரித்தெடுத்த நச்சுயிரியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. துன்பம் தந்த கிருமியே அதனைத் தடுக்கும் மருந்துக்கு மூலமாயிற்று.

மருத்துவரின் பணி

தடுப்பூசி உருவானதும் பணி முடிந்துவிடுவதில்லை. அதனைக் குளிர்நிலை குன்றாமல் கிடைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கரைத்த மருந்தைச் சில மணி நேரத்திற்குள் செலுத்திவிட வேண்டும். ஆடுகள் மேய்ச்சலுக்குப் புறப்படுமுன் விடியற்காலையிலேயே மருத்துவர் கிடையை அடைய வேண்டும். ஒரு நாள் தவறினால், மந்தை வேறோர் ஊரில் இருக்கும்.

மேய்ப்பவரின் நம்பிக்கையைப் பெறுவதும் மருத்துவரின் கடமையே. நலமாக உள்ள ஆட்டுக்கு ஊசி எதற்கு என்று அவர் கேட்பது இயல்பு. அதற்குப் பொறுமையுடன் விடையளிக்க வேண்டும். அவரிடமிருந்து கற்க வேண்டியதும் உண்டு. நூறு ஆடுகளுக்கிடையே சோர்ந்து நிற்கும் ஒன்றை முதலில் கண்டறிவது அவருடைய கண்தான்.

அடைப்பான் போன்ற நோயால் கால்நடை இறந்தால், உடலை அறுக்காமல் ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். அந்நோய் மனிதரையும் தாக்கும். ஆதலால், கால்நடை மருத்துவர் காப்பது விலங்குகளை மட்டுமன்று; ஊரையும்தான்.

நம்பிக்கை தரும் சான்று

மாடுகளைப் பேரளவில் அழித்த வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் ஒழிக்கப்பட்ட இரண்டாம் நோய் இது. ஆட்டுக்கொல்லியை 2030ஆம் ஆண்டிற்குள் ஒழிப்பதே உலக நாடுகளின் அடுத்த இலக்கு. கடைசி மந்தையின் கடைசி ஆட்டுக்குட்டி வரை தடுப்பு சென்று சேர்ந்தால்தான் அவ்விலக்கு நிறைவேறும். அதற்கு, சாலை முடியும் இடத்திற்கு அப்பாலும் நடந்து செல்ல ஆயத்தமான இளைஞர்கள் தேவை.

தெரிந்து தெளிவோம்

• தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கப்பட்டது.
• நோயுற்ற கால்நடைகளுக்கு ஊர்தி வழி மருத்துவ உதவி பெற அழைக்கும் எண் 1962.
• ஆட்டிடையர் வாழ்வைச் சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' என்னும் புதினம் சித்திரிக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் ஆடு, மாடு வளர்ப்போரிடம் உரையாடி, கால்நடை நோய்களுக்கு வழங்கும் வட்டாரப் பெயர்களைத் தொகுக்க.
2. 'கிடை போடுதலும் இயற்கை வேளாண்மையும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.