ஒரே வார்ப்பில் முழு இன்ஜின் சட்டகம்: டெஸ்லாவுக்கு 90 ஆண்டுகள் முன்பே ரயில்வே செய்த வேலை!

சில வருடங்களுக்கு முன் டெஸ்லா நிறுவனம் ‘கிகா காஸ்டிங்’ என்று ஒன்றை அறிமுகப்படுத்தியபோது டெக் உலகமே வாயைப் பிளந்தது. காரின் பின்பக்க அடிப்பாகத்தை டஜன் கணக்கான துண்டுகளாகச் செய்து வெல்டிங் வைக்காமல், அலுமினியத்தை அச்சில் செலுத்தி ஒரே பீஸாக வார்த்து எடுப்பதுதான் அந்த டெக்னிக். உதிரிபாகம் குறைவு, இணைப்பு குறைவு, தளர்ச்சியும் குறைவு. செம ஐடியாதான், சந்தேகமே இல்லை.

ஆனால் இதே ஐடியாவை 1920களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் செய்து காட்டிவிட்டார்கள். அலுமினியத்தில் இல்லை, எஃகில். காருக்கு இல்லை, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள நீராவி இன்ஜினுக்கு! சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் அந்த ‘ஃப்ரேம்’ என்கிற சட்டகத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டது ஏன்?

ஃப்ரேமுக்கு என்னதான் வேலை?

நீராவி இன்ஜின் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புகைபோக்கி, உருண்டையான பாய்லர், பெரிய சக்கரங்கள். இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது ஃப்ரேம். இன்ஜினின் முதுகெலும்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

பாய்லரைச் சுமப்பது ஒரு வேலை. அதிலேயே ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்திருக்கும் பாய்லரில் நெருப்பு மூட்டினால் அது நீளும். எட்டு மீட்டர் நீளப் பாய்லர் என்றால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். ஆனால் அடியில் இருக்கும் ஃப்ரேம் அந்த அளவு சூடாகாது, நீளாது. அதனால் பாய்லரின் முன்பக்கத்தை மட்டும் ஃப்ரேமோடு இறுக்கிவிட்டு, பின்பக்கத்தைச் சறுக்கும்படி விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கினால் ஏதாவது ஒன்று பிளந்துகொள்ளும்.

சுமப்பதைக்கூட சமாளித்துவிடலாம். உண்மையான தலைவலி பிஸ்டன்.

சிலிண்டருக்குள் நீராவி பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது என்று வையுங்கள். அதே நேரம், அதே பலத்தோடு சிலிண்டரின் முன்மூடியை முன்னால் தள்ளும். பிஸ்டன் வாங்கிய உதை கனெக்டிங் ராட் வழியாகச் சக்கர அச்சுக்குப் போகும். சிலிண்டர் ஃப்ரேமில் போல்ட் அடிக்கப்பட்டிருக்கிறது, அச்சும் ஃப்ரேமின் பிடியில் இருக்கிறது. ஆக, இரண்டுக்கும் நடுவே இழுபடுவது யார்? ஃப்ரேம்தான். அடுத்த அரைச் சுற்றில் எல்லாம் தலைகீழ். இழுபட்ட ஃப்ரேம் இப்போது நசுக்கப்படும்.

எவ்வளவு பலம்? நம் ஊரிலும் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுத்த, குண்டு மூக்கு கொண்ட ‘டபிள்யூபி’ இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 20¼ அங்குலம். பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. பெருக்கிப் பார்த்தால், முழு அழுத்தத்தில் ஒரு பிஸ்டன் மீது விழும் தள்ளு சுமார் 30 டன். சக்கர விட்டம் 67 அங்குலம் என்பதால், 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஐந்து சுற்று சுற்றும். அப்படியானால் இழுப்பதும் நசுக்குவதும் நொடிக்குப் பத்து முறை மாறும். வேகத்தில் போகும்போது நீராவியைக் குறைத்துத்தான் விடுவார்கள், அதனால் ஒவ்வொரு முறையும் முழு 30 டன் இருக்காது. இருந்தாலும் சென்னையிலிருந்து விஜயவாடா போய்ச் சேர்வதற்குள், சுமார் 430 கி.மீ. தூரத்தில், ஒரு பக்க ஃப்ரேம் ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் இந்த அடியை வாங்கியிருக்கும்.

போதாக்குறைக்கு, இடதும் வலதும் ஒரே நேரத்தில் தள்ளாது. இரண்டு பக்கமும் கால் சுற்று வித்தியாசத்தில் பொருத்தப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் சில நிலைகளில் இன்ஜினைக் கிளப்பவே முடியாது. விளைவு, ஃப்ரேம் ஒரு பக்கம் இழுபடும்போது மறுபக்கம் வேறு கதையில் இருக்கும். ஈரத்துணியைப் பிழிவது மாதிரி முறுக்கல் வேறு சேர்ந்துகொள்ளும்.

கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் படக்கென்று ஒடியும், இல்லையா? ஃப்ரேமிலும் அதேதான். அச்சின் பேரிங் பெட்டி மேலும் கீழும் ஏறி இறங்குவதற்காக ஃப்ரேமில் அடியிலிருந்து ‘ப’ வடிவத்தைக் கவிழ்த்தது மாதிரி ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அந்த வெட்டின் மேல் மூலையில்தான் பெரும்பாலும் முதல் விரிசல் விழும். பிரிட்டன் பணிமனைகளில் இந்த விரிசலைத் தேடுவதும், வெல்டிங் வைத்து அடைப்பதும் அன்றாட வேலைகளில் ஒன்று.

தகடா, சட்டமா?

இந்த இடத்தில்தான் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பிரித்தது இன்ஜின் இல்லை, தண்டவாளம்!

பிரிட்டனின் வழி தகடு. ஒரு அங்குலம், ஒன்றே கால் அங்குலம் கனமுள்ள நீளமான எஃகுத் தகடுகள் இரண்டு. இடையிடையே குறுக்குச் சட்டங்கள், ரிவெட்டுகள். உங்கள் ஏடிஎம் கார்டை எடுத்து நெட்டுக்குத்தாகப் பிடித்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள், அசையாது. பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே வளையும். தகடு ஃப்ரேமின் குணமும் அதுதான். எடை குறைவு, மேலிருந்து வரும் பாரத்தை அழகாகத் தாங்கும், பக்கவாட்டில் நெளியும்.

இந்த நெளிவு பிரிட்டனில் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. காரணம், அங்கே தண்டவாளத்துக்குக் காசைக் கொட்டி, நேராகவும் சமமாகவும் போட்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் கதை வேறு. தூரம் அதிகம், பணம் குறைவு. எப்படியாவது பாதை போட்டால் போதும் என்று காட்டையும் மேட்டையும் தாண்டி இருப்புப் பாதை ஓடியது. 1831-ல் இங்கிலாந்தின் ஸ்டீஃபென்சன் தொழிற்சாலையிலிருந்து ‘ஜான் புல்’ என்ற இன்ஜின் நியூஜெர்சிக்குக் கப்பலில் போனது. அதை அங்கே பூட்டி முடித்தவர் ஐசக் டிரிப்ஸ் என்ற இளம் மெக்கானிக். அந்தக் கரடுமுரடான பாதையில் அது அடிக்கடி தடம் புரண்டது. கடைசியில் டிரிப்ஸ் முன்னால் இரண்டு சின்னச் சக்கரங்களைச் சேர்த்து, இன்ஜினுக்கு வழிகாட்ட வைத்தார். அப்புறம்தான் அது ஒழுங்காக ஓடியது.

அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்ட வழி ‘பார் ஃப்ரேம்’. லிவர்பூலைச் சேர்ந்த எட்வர்ட் பரி 1830களில் செய்த இன்ஜின்களில் இது இருந்தது, அவற்றில் சில அமெரிக்காவுக்கும் போயின. தகட்டுக்குப் பதிலாக நான்கைந்து அங்குலம் கனமுள்ள இரும்புச் சட்டங்கள், ஜன்னல் கம்பி மாதிரி திறந்த அமைப்பில். பெரிய தகடு உருட்டும் ஆலை இல்லாத ஊரிலும் கொல்லன் பட்டறையில் அடித்து ஒட்டவைக்கலாம், உடைந்தால் அங்கேயே சரிசெய்யலாம். நடுவில் காலி இடம் இருப்பதால் எண்ணெய் விடவும் கை நுழையும். பிரிட்டன்காரர்கள் இதை முரட்டு வேலை என்று கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தார்கள். எனக்கென்னவோ இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. அழகைவிட ரிப்பேர் செய்யும் வசதி முக்கியம் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

கூடவே இன்னொரு தந்திரம். சமமில்லாத தரையில் நாலு கால் ஸ்டூல் ஆடும், முக்காலி ஆடாது. ஜோசப் ஹாரிசன் என்பவர் 1838-ல் காப்புரிமை வாங்கிய சமன்படுத்தும் நெம்புகோல், பக்கத்துப் பக்கத்து அச்சுகளைத் தராசு மாதிரி இணைத்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பாரம் பக்கத்துச் சக்கரத்துக்குப் பகிரப்படும். இடது பக்கம் ஒரு புள்ளி, வலது பக்கம் ஒரு புள்ளி, முன்சக்கர வண்டி ஒரு புள்ளி. மொத்த இன்ஜினும் ஒரு முக்காலி! மோசமான பாதையிலும் ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளாமல் தப்பித்தது இதனால்தான்.

பிஹ்தா கற்றுக்கொடுத்தது

பாதையையும் இன்ஜினையும் தனித்தனியாக யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 1937 ஜூலை 17 அன்று பாட்னா அருகே பிஹ்தாவில் எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இழுத்தது பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட ‘எக்ஸ்பி’ வகை இன்ஜின். வேகத்தில் இந்த வகை இன்ஜின்கள் பாம்பு மாதிரி இடதும் வலதுமாக அலைவதும், அந்த அலைச்சல் பாதையையே நெளித்துவிடுவதும் விசாரணைகளில் பேசப்பட்டது. ஃப்ரேமின் முன்னும் பின்னும் இருக்கும் சின்னச் சக்கர வண்டிகள் அதைப் பக்கவாட்டில் போதிய இறுக்கத்தோடு பிடித்து வழிநடத்தவில்லை என்பதுதான் மையப் பிரச்சினை. பிரிட்டன், பிரான்ஸ் நிபுணர்கள் அடங்கிய குழு ஒன்று வந்து இந்த இன்ஜின்களை ஆராய்ந்தது.

அடுத்த தலைமுறை எக்ஸ்பிரஸ் இன்ஜினான டபிள்யூபி-யின் முதல் வண்டிகள் 1947-ல் வந்தது பிரிட்டனிலிருந்து இல்லை, அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து. பார் ஃப்ரேமோடு!

ஒரே பீஸ், ஒரே பிரச்சினை

தகடோ சட்டமோ, இரண்டுக்கும் பொதுவான எதிரி போல்ட். ஆயிரக்கணக்கான உதைகளில் போல்ட் ஒரு மயிரிழை தளர்ந்தால் போதும், துண்டுகள் ஒன்றோடொன்று உரசும், தளர்ச்சி பெருகும், விரிசல் விழும். அப்படியானால் போல்டே இல்லாமல் செய்தால்?

இலினாய் மாகாணத்தின் கிரானைட் சிட்டியில் இருந்த காமன்வெல்த் ஸ்டீல், பிறகு ஜெனரல் ஸ்டீல் காஸ்டிங்ஸ் ஆகிய நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. இரண்டு பக்க ஃப்ரேம், குறுக்குச் சட்டங்கள், சிலிண்டர்கள், பாய்லர் உட்காரும் பீடம் என எல்லாமே ஒரே எஃகு வார்ப்பு. நெளிவு போனதும் இன்னொரு கதவு திறந்தது. அச்சுகளுக்கு ரோலர் பேரிங் போட முடிந்தது. ரோலர் பேரிங்குக்கு எல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் நேராக நிற்க வேண்டும், ஆடும் ஃப்ரேமில் அது சீக்கிரம் கெட்டுவிடும். வர்ஜீனியாவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே 1941-லிருந்து கட்டிய ‘ஜே’ வகை இன்ஜின்கள் இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டு மாதம் சுமார் 15,000 மைல், அதாவது 24,000 கி.மீ. ஓடின. பணிமனையில் நிற்கும் நேரம் அவ்வளவு குறைந்தது.

சிக்கல் இல்லையா என்றால், உண்டு. இவ்வளவு பெரிய வார்ப்பை எடுக்க அதற்கென்றே ஃபவுண்டரி வேண்டும். சிலிண்டர் உடைந்தால் கழற்றி வேறு மாட்ட முடியாது. டெஸ்லா கார் பின்னால் இடிபட்டால் ரிப்பேர் செலவு என்னாகும் என்று இன்று கேட்கிறார்களே, அதே கேள்விதான்.

பிரிட்டன் இந்தப் பக்கம் வரவில்லை. அங்கே ஸ்விண்டன் பணிமனை வேறு வழியில் போனது. 1930களில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்திடம் (ஆமாம், உங்கள் ஃபோன் கேமரா லென்ஸில் பெயர் போடும் அதே ஸைஸ்தான்) ஒளியால் அளக்கும் கருவியை வாங்கி, சிலிண்டரும் அச்சுகளும் ஃப்ரேமில் துல்லியமாக நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துப் பொருத்தினார்கள். மற்ற ரயில்வேக்கள் புது இன்ஜினில் விடும் இடைவெளி வந்தால் நாங்கள் அந்தப் பாகத்தைக் குப்பையில் போட்டுவிடுவோம் என்று ஸ்விண்டன்காரர்கள் கிண்டல் அடிப்பதுண்டு. அங்கிருந்த கே.ஜே. குக் 1950களில் கிழக்கு மண்டலத்துக்குப் போய் இதே முறையை டான்காஸ்டரில் புகுத்த, அதுவரை அடிக்கடி படுத்துக்கொண்டிருந்த இன்ஜின்கள் நம்பகமாக ஓடத் தொடங்கின. ஃப்ரேமின் டிசைனைத் தொடவே இல்லை. அளந்து பொருத்தியதுதான் வித்தியாசம்.

அப்போ எவ்வளவு விறைப்பு இருக்கோ அவ்வளவு நல்லதா?

இல்லவே இல்லை. 1934-ல் சோவியத் யூனியன் ‘ஏஏ20’ என்ற இன்ஜினைக் கட்டியது. ஒரே ஃப்ரேமில் ஏழு இயக்க அச்சுகள்! வளைவில் திரும்ப வேண்டுமே என்று நடுவில் சில சக்கரங்களின் விளிம்பையே எடுத்துவிட்டார்கள். அப்படியும் அது தண்டவாளத்தை அகட்டியது, பாதை மாறும் பாயின்டுகளை நாசமாக்கியது. கடைசிவரை வழக்கமான சேவைக்கு வராமலே 1960-ல் காயலான் கடைக்குப் போனது.

இதற்கான அழகான விடை ஏற்கனவே இருந்தது. ஹெர்பர்ட் வில்லியம் காரட் சொன்ன யோசனைப்படி 1909-ல் டாஸ்மேனியாவுக்கு ஓர் இன்ஜின் போனது. முன்னால் ஒரு சக்கரத் தொகுதி, பின்னால் ஒன்று, இரண்டின் மீதும் தொட்டில் மாதிரி தொங்கும் பாய்லர். ஒவ்வொரு ஃப்ரேமும் தனக்குள் விறைப்பு, சேரும் இடத்தில் மட்டும் அசைவு. பெங்கால் நாக்பூர் ரயில்வே ஓட்டிய பிரம்மாண்டமான காரட் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

பிரிட்டனில் பணிமனைக்கு வரும் இன்ஜினின் பாய்லரைக் கழற்றி வேறு பாய்லரை மாட்டி அனுப்புவது சர்வசாதாரணம். அப்போதும் பெயரும் நம்பரும் பெரும்பாலும் ஃப்ரேமோடுதான் போகும். 1923-ல் பிறந்த ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ 2006-ல் பழுதுபார்ப்புக்குப் போய் 2016-ல்தான் திரும்பியது. இழுபறிக்கு ஒரு முக்கியக் காரணம், அச்சுப்பெட்டி ஏறி இறங்கும் அந்த வெட்டின் ஓரப் பிடிகளை அல்ட்ராசவுண்ட் வைத்துச் சோதித்தபோது, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்று தெரிந்ததுதான். புதிதாகவே கட்டப்பட்டு 2008-ல் ஓடிய ‘டொர்னேடோ’வுக்கு முதலில் தயாரானது 1994-ல் வெட்டிய ஃப்ரேம் தகடுகள்.

அடுத்த முறை ரயில் மியூசியம் போனால் செல்ஃபி எடுத்த கையோடு கொஞ்சம் குனிந்து, சக்கரங்களின் நடுவே பாருங்கள். சுவர் மாதிரி அடைத்துக்கொண்டு இரும்பு தெரிந்தால் அது தகடு ஃப்ரேம். சட்டங்களுக்கு நடுவே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தால் பார் ஃப்ரேம். ஹரியானாவின் ரேவாரியில் இன்னும் நெருப்பு மூட்டி ஓட்டும் ‘அக்பர்’ என்ற டபிள்யூபி-யில் வெளிச்சம் தெரியும்.